சோளத்துக்கு இடும் பசளையும் நம் கிணற்று நீரும்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து பேசுகிறேன். விதைத்து 30 நாட்களான இந்தச் சோளத்தின் அடியிலையைப் பாருங்கள். நுனியில் தொடங்கிய மஞ்சள் நிறம் நடுநரம்பு வழியே உள்நோக்கி வந்திருக்கிறது. இது நைதரசன் குறைபாடு. இலையோரம் கருகினால் பொற்றாசியம் போதவில்லை. இளம் இலைகளில் நடுநரம்பின் இருபுறமும் வெளிறிய பட்டை தெரிந்தால் நாகச் சத்து (துத்தநாகம்) குறைவு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது எளிதில் வரும்.

இந்த வரிசைக்கு நைதரசன் தரும் யூரியாவை இடாமல் விடவில்லை. விதைப்புடன் முழுவதையும் ஒரேயடியாக இட்டேன், அடுத்த நாளே பெருமழை பெய்தது. யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறியபின் களித்துகள்கள் அதைப் பிடித்து வைப்பதில்லை. நீரோடு கீழிறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாக நாம் குடிக்கும் கிணற்றைச் சென்றடைகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. குடாநாட்டின் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே மற்றப் பாத்திகளில் யூரியாவைப் பிரித்து இடுகிறேன்: விதைக்கும்போது சிறு பங்கு, பயிர் முழங்கால் உயரம் வந்ததும் பெரும் பங்கு, ஆண்பூ வருமுன் மிச்சம். ஒவ்வொரு முறையும் மண்ணால் மூடிவிடுங்கள். நமது காரமண்ணில் மேலே கிடக்கும் யூரியா அமோனியாவாகக் காற்றில் போய்விடும். பொசுபரசை மட்டும் விதைப்பின்போதே வேருக்கு அருகில், மக்கிய எருவோடு சேர்த்து இட வேண்டும். பரவலாக வீசினால் கல்சியம் அதைக் கட்டிப்போடும்.

எரு மட்டும் போதாதா என்று கேட்கிறீர்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. ஈர மாட்டெருவில் நைதரசன் ஏறத்தாழ அரைச் சதவீதமே இருப்பதால், அதே அளவுக்கு நான்கரைத் தொன் எரு தேவைப்படும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது கமக்காரர் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஆனாலும் எருவும், பூவரசங்குழையும், பூக்கும் முன் உழுது புதைத்த சணலும் மண்ணின் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைப்பதால், நாளடைவில் யூரியாவின் அளவைக் குறைக்க இடம் தருகின்றன. எவ்வளவு குறைக்கலாம் என்பதை மண் பரிசோதனை செய்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருடன் பேசி முடிவெடுங்கள்.

நாளை மாலை, மழை இல்லாவிட்டால், அடுத்த பாத்திக்கு இரண்டாம் பங்கை இடுவேன்; ஆண்பூ வந்தபின் இரு பாத்திகளின் இலைகளையும் அருகருகே வைத்துக் காட்டுகிறேன்.