திருப்புளி யார் கையில்?

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், அவையோருக்கும் வணக்கம். பெண் பிள்ளைகளைப் பொறியியலின் பக்கம் திருப்ப வேண்டியது வீடா, பள்ளியா என்ற இன்றைய வழக்கில், பள்ளியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு சாட்சிகளை அழைத்து வந்தார். 1906இல் அயர்லாந்தின் கால்வே நகரில் பொறியியல் பட்டம் பெற்ற ஆலிஸ் பெர்ரி ஒருவர். 1943இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பட்டம் பெற்ற அ. லலிதா மற்றொருவர். ஆலிஸின் தந்தை அந்த வட்டாரத்தின் அரசுப் பொறியாளர். லலிதாவின் தந்தையோ கிண்டிக் கல்லூரியிலேயே பேராசிரியர். ஆகவே வீடுதான் காரணம் என்றார். சாட்சிகளை நான் மறுக்கவில்லை, குறுக்கு விசாரணை மட்டும் செய்கிறேன். பதினெட்டு வயதில் கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்ற லலிதாவுக்குக் கல்லூரி வாசலைத் திறந்துவிட அப்படியொரு தந்தை இருந்தார், சரி. பொறியாளர் ஒருவரையும் அறியாத வீட்டில் பிறந்தவளுக்கு யார் திறப்பது? வீட்டையே நம்பியிருந்தால் பொறியியல் பரம்பரைச் சொத்தாகிவிடாதா?

இனி, நான்கு பேர் சேர்ந்து மின்சுற்று அமைக்கும் ஒரு பள்ளி ஆய்வகத்துக்குள் வாருங்கள். மாணவன் திருப்புளியை எடுத்துக் கம்பிகளை இணைக்கிறான். "உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது" என்ற பாராட்டோடு மாணவியிடம் பதிவேடு போய்ச் சேருகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் இது கண்ணில் படுவதும் இல்லை. ஆண்டு முழுவதும் அளவீடுகளை எழுதியவள், தளர்ந்த இணைப்பு ஒன்றைத் தன் விரலால் ஒருமுறையும் முறுக்கிப் பார்க்காமலே முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறாள். மேல்நிலை வகுப்பில் அவள் இயற்பியலை விட்டு விலகும்போது, பொறியியலுக்கான வழி பெரும்பாலும் அங்கேயே அடைபட்டுவிட, அவளுக்கே ஆர்வமில்லை என்று நாம் எழுதி முடித்துவிடுகிறோம்.

வடிவங்களை மனத்தில் சுழற்றிப் பார்க்கும் திறன் பெண்களுக்கு இயல்பிலேயே குறைவு என்றும் இங்கே சொல்லப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், 1990களில், பேராசிரியர் ஷெரில் சோர்பி இந்தத் திறனில் பின்தங்கிய முதலாண்டு மாணவர்களுக்கென்றே ஒரு பாடம் நடத்தினார். கனசதுரங்களை அடுக்குவது, கையால் வரைவது, திருப்பிப் பார்ப்பது, இவைதாம் பயிற்சி. திறன் உயர்ந்தது, பயிற்சி பெற்ற பெண்களில் பொறியியலை விட்டு வெளியேறுவோரும் குறைந்தனர். இயல்பு என்று நாம் பெயரிட்டது பழக்கக் குறைவாக இருந்திருக்கிறது.

அது கல்லூரியில் நடந்ததாயிற்றே என்று எதிரணியில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. உண்மைதான், என் வாதத்துக்கு வலு சேர்ப்பதும் அதுவே: கல்லூரி வாசல் வரை வராதவளை அந்தப் பாடம் எட்டாது, ஆனால் பதினொரு வயதில் ஒரே வகுப்பறையில் எல்லாப் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், ஊக்க உரைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. பதிவேடும் திருப்புளியும் வாரந்தோறும் கைமாற வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரம் ஆசிரியரிடம் இருக்கிறது. ஒரே ஒரு குழந்தை உள்ள வீட்டில், நடுவர் அவர்களே, யாரிடமிருந்து யாருக்கு அதை மாற்றித் தருவது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு விடை சொல்லட்டும்.