அம்புக்குறியின் மேல் ஒரு சொல்
(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

படம் போட்டு நடத்தினால் பிள்ளைகளுக்குப் புரியும் என்று உங்களிடம் நான் சொல்லத் தேவையில்லை. வகுப்பறைச் சுவர் முழுக்க சார்ட் ஒட்டி வைத்திருக்கிறோம். அதிகாரி பார்வைக்கு வரும் அன்று அவை பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. மற்ற நாட்களில் பிள்ளைகள் ஏறெடுத்துப் பார்க்கிறார்களா என்பது வேறு விஷயம். இன்று நான் பேச வந்தது பிள்ளை தன் கையால் வரையும் படத்தைப் பற்றி.

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்பவரின் குழு, சிறு பிள்ளைகளுக்கு அறிவியல் எப்படிப் புரிகிறது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பேட்டி எடுத்தது. கட்டுக்கட்டாகத் தாள் சேர்ந்ததே தவிர, ஒரு பிள்ளையின் புரிதல் எங்கே மாறியது என்று அதில் தேடிப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. அதனால் பிள்ளை சொன்ன முக்கியமான கருத்துகளைக் கட்டங்களில் எழுதி, அவற்றைக் கோட்டால் இணைத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் அந்த உறவைச் சொல்லும் ஒரு சொல்லை எழுதினார்கள். கருத்து வரைபடம் இப்படித்தான் வந்தது. பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வந்த கருவி, பிறகுதான் பாடம் நடத்தும் கருவியானது.

நமக்குப் பழக்கமான மன வரைபடத்தில் நடுவில் தலைப்பும் சுற்றிலும் கிளைகளும் இருக்கும். கோடுகளின் மேல் பெரும்பாலும் ஒன்றும் எழுத மாட்டோம். 'செடி' என்பதிலிருந்து 'மண்' என்பதற்கு ஒரு கோடு போட்டால் அது எப்போதும் சரியாகவே இருக்கும், அதைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. கோட்டின் மேல் ஒரு வினைச்சொல்லை எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஏழாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். செடி, மண், நீர், காற்று, சூரிய ஒளி, இலை, உணவு என்று ஏழு சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இணைக்கச் சொல்லுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட மண்ணிலிருந்து உணவுக்கு அம்பு போட்டு 'தருகிறது' என்று எழுதும். அதே பிள்ளை பரீட்சையில் ஒளிச்சேர்க்கையின் வரையறையைப் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்! செடி மண்ணைத் தின்று வளர்கிறது என்ற நம்பிக்கை மட்டும் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இதில் பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது. 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற அறிவியலாளர் ஒரு தொட்டியில் சுமார் 90 கிலோ மண்ணை நிரப்பி, இரண்டேகால் கிலோ வில்லோ கன்றை நட்டார். 5 ஆண்டுகளில் மரம் ஏறக்குறைய 77 கிலோ ஆனது. மண்ணின் எடை குறைந்ததோ சுமார் 60 கிராம்தான். மண் மரமாகவில்லை என்று நிரூபித்துவிட்டார். ஆனால் தண்ணீர்தான் மரமானது என்று முடிவு கட்டிவிட்டார். காற்றிலிருந்து போக வேண்டிய அம்பு அவர் படத்திலும் இல்லை! இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'இப்போது உங்கள் படத்தைத் திருத்துங்கள்' என்று சொன்னால் ரப்பரைத் தேடாத பிள்ளை குறைவு.

சரி, நாற்பது பேரும் ஒரே மாதிரியா இருக்கிறார்கள்? தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பழகியிருக்கிறோம். மேல் வகுப்பிலும் அந்த வித்தியாசம் மறைந்துவிடுவதில்லை. அதற்காக மூன்று பாடம் தயாரிக்க வேண்டாம், படம் ஒன்றே போதும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குக் கட்டங்களையும் அம்புகளையும் போட்டுக் கொடுத்து, சில இடங்களை மட்டும் காலியாக விடுங்கள். நடுவில் இருப்பவர்களுக்குச் சொற்களை மட்டும் கொடுங்கள். வேகமாகப் படிப்பவர்களிடம் வெறும் தாளைக் கொடுத்து, சுவாசித்தலையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள். இவர்களிடம் போய்ப் பாதி வரைந்த படத்தைக் கொடுத்தால் அது அவர்களுக்கு இடைஞ்சல்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 'இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள்' என்று பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கம் பயிற்சிக் கூட்டங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிப் பிரித்து நடத்துவதால் கற்றல் கூடுகிறது என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. படம் எல்லோருக்கும் உதவுவதற்குக் காரணம் வேறு. பத்தியில் முதல் வரியில் உள்ளதையும் எட்டாவது வரியில் உள்ளதையும் மனத்தில் பிடித்துக்கொண்டே சேர்த்துப் பார்க்க வேண்டும். படத்தில் தொடர்புடைய இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஜில் லார்க்கின், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1987இல் இதைத்தான் விளக்கினார்கள், தேடுகிற வேலை மிச்சமாகிறது என்று. கூடவே, படத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு அதனால் பயனில்லை என்பதும் அவர்கள் கருத்து. நாம் இதை வசதியாக மறந்துவிடுகிறோம். அம்புக்குறியை எப்படிப் படிப்பது என்பதையும் ஒரு நாள் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

கணக்கு ஆசிரியர்கள் கேட்கலாம், எங்களுக்கு என்ன என்று. சிங்கப்பூரில் 1980களில் தொடக்கப் பள்ளிக் கணக்குக்குக் கொண்டுவந்த பட்டைப் படத்தைப் பாருங்கள். கண்ணனிடம் இருப்பது மலரிடம் இருப்பதைப் போல மூன்று மடங்கு, இருவரிடமும் சேர்த்து 240 ரூபாய். மலருக்கு ஒரு கட்டம், கண்ணனுக்கு மூன்று கட்டம், மொத்தம் நான்கு. ஒரு கட்டம் 60 ரூபாய். எக்ஸ் என்ற எழுத்தை இன்னும் பார்க்காத பிள்ளை இயற்கணிதம் போட்டுவிட்டது. 'மடங்கு' என்று பார்த்ததும் பெருக்கிவிடும் பிள்ளைக்கும் இந்தப் படம் கடிவாளம் போடும்.

பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை இருந்தால் கோந்து தடவி நூலை ஒட்டுங்கள், கோடு விரலுக்குத் தெரியும். சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள், அந்த இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாத பையன் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம்.

போதும், நான் பேசியது. உங்கள் முன்னால் தாள் இருக்கிறது. திங்கட்கிழமை நடத்தப்போகும் பாடத்திலிருந்து எட்டுச் சொற்களை எழுதி, அம்பு போட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொல் எழுதுங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அவர் வேறு பாட ஆசிரியராக இருந்தால் இன்னும் நல்லது.