முதல் பேச்சு ஊர்க்காரர்களுடையது

(பல்கலைக்கழகங்களில் சேவைவழிக் கற்றல் திட்டங்களின் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

நண்பர்களே, வணக்கம்.

நீங்கள் எல்லோரும் பாடம் நடத்துவதில் தேர்ந்தவர்கள். இப்போது உங்கள் கையில் சேவைவழிக் கற்றலுக்கான, அதாவது மாணவர்கள் ஊருக்குள் போய்ச் சேவை செய்து அதன் வழியே பாடம் கற்கும் திட்டத்துக்கான, ஒரு பொறுப்பாணை புதிதாக வந்திருக்கிறது. எத்தனை மாணவர்கள், எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்கும். எந்த மக்களிடம் இந்த மாணவர்களை அனுப்பப்போகிறோமோ, அவர்களுக்கு இது வேண்டுமா என்று கேட்கச் சொல்லி அதில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. இன்று அந்த வரியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இந்தத் திட்டத்தை நடத்துபவரின் தலையாய வேலை, போகிற இடத்து மக்களின் நேரத்தையும் அவர்களுடைய முடிவெடுக்கும் உரிமையையும் காப்பது. யாரிடமிருந்து? நம் பல்கலைக்கழகத்திடமிருந்துதான். மாணவர்களை வண்டியேற்றி அனுப்புவதும் அறிக்கை எழுதுவதும் அதற்கு அப்புறம்.

இது நான் புதிதாகச் சொல்வது இல்லை. சேவைவழிக் கற்றல் என்ற ஏற்பாட்டுக்குப் பெயர் வந்தது 1960களின் பிற்பகுதியில். அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கான கல்வி வாரியத்தில் பணியாற்றிய ராபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும் அதை முன்வைத்தார்கள். பின்னர் 1979இல் சிக்மன் மூன்று நெறிகளை எழுதினார். யாருக்குச் சேவை செய்யப்படுகிறதோ, அந்தச் சேவையின் கடிவாளம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். சேவை முடியும்போது அவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் வலிமை கூடியிருக்க வேண்டும். சேவை செய்கிறவர்களும் கற்பவர்களே. என்ன கற்க வேண்டும் என்பதில் அவர்களுக்கும் கணிசமான உரிமை உண்டு. வரிசையைக் கவனியுங்கள். மாணவர் மூன்றாவதாகத்தான் வருகிறார். நம் பாடத்திட்டங்களில் அவர் முதலில் வருகிறார், இரண்டாவதாகவும் வருகிறார், மக்கள் கடைசிப் பத்தியில் வருகிறார்கள்.

அதற்கும் முன்பு, 1968இல், மெக்ஸிகோவின் குவெர்னவாகா நகரில் வாழ்ந்த சிந்தனையாளர் ஐவன் இலிச் ஓர் உரை நிகழ்த்தினார். கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் மெக்ஸிகோ கிராமங்களுக்கு உதவப் போகும் அமெரிக்க மாணவர்களும் அவர்களை அனுப்பியவர்களும். அவர்கள் முகத்துக்கு நேரே, வந்து பாருங்கள், படியுங்கள், மலையேறுங்கள், ஆனால் உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்றார். நல்ல மனம் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள், மொழியும் தெரியாமல் நிலைமையும் தெரியாமல் போய் இறங்கினால், என்ன கேடு செய்தோம் என்பதுகூட அவர்களுக்குப் புரியாது என்பது அவருடைய வாதம். நான் இலிச்சின் முடிவோடு முழுக்க உடன்படவில்லை. போகவே கூடாது என்று சொன்னால், பட்டதாரிகள் தாங்கள் ஆளப்போகும் உலகத்தைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிப் போவார்கள். ஆனால் போன இடத்தில் என்ன கேடு செய்கிறோம் என்று அவர் எழுப்பிய கேள்விக்குப் பதில் இல்லாமல் யாரும் இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு குடியிருப்பில் கணக்கெடுப்புக்குப் போன மாணவர்களோடு ஒருமுறை நானும் நடந்தேன். வாசலில் ஓர் அம்மா. மாணவி கேள்வித்தாளை விரித்து, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டாள். அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, நிறுத்தாமல் வருமானம், படிப்பு, குடிநீர், கழிப்பறை என்று அடுத்த நான்கு கேள்விகளுக்கும் வரிசை மாறாமல் பதில் சொன்னார். மாணவி கேட்கவே இல்லை. அவருக்கு அந்தத் தாள் மனப்பாடம். "போன தடவை வந்த பிள்ளைகளும் இதைத்தான் எழுதிக்கிட்டுப் போனாங்க. அதெல்லாம் என்ன ஆச்சு?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மாணவியிடம் பதில் இல்லை. எப்படி இருக்கும்? பழைய தாள்கள் ஏதோ ஒரு துறையின் அலமாரியில் இருக்கின்றன. மதிப்பெண் போட்டதோடு அவற்றின் ஆயுள் முடிந்துவிட்டது.

செமஸ்டர் என்கிற கால அளவு நமக்கு வசதியானது. பதினைந்து, பதினாறு வாரம். அதில் முதல் சில வாரம் அறிமுகத்தில் போகும், கடைசி சில வாரம் தேர்வில் போகும். நடுவில் மிஞ்சுகிற நாட்களில் ஒரு மாணவர் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு இருபது மணி நேரம் போகிறார் என்று வையுங்கள். அங்கே இருக்கும் இரண்டு மூன்று ஊழியர்களில் ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கூட இருந்து பார்க்க வேண்டும், கடைசியில் நம் மதிப்பீட்டுப் படிவத்தையும் நிரப்பித் தர வேண்டும். மாணவர் வேலையைப் பழகும் நேரத்தில் செமஸ்டர் முடிந்துவிடும். உண்மையில் அங்கே சேவை செய்தது யார்? அந்த ஊழியர்தான் நமக்குச் சேவை செய்திருக்கிறார், சம்பளமில்லாமல்.

அதனால் மணிக்கணக்கைக் கூட்டினால் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. மெக்ஸிகோவில் பட்டம் பெற வேண்டுமானால் சமூக சேவை கட்டாயம். குறைந்தது 480 மணி நேரம். மருத்துவ மாணவர்களிடம் அது 1936இலேயே தொடங்கிவிட்டது. நீண்ட காலம் ஒரே இடத்தில் இருப்பதில் பலன் உண்டு. ஆனால் போகிற இடத்தில் நமக்கு என்ன வேலை என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி 20 மணிக்கும் 480 மணிக்கும் ஒன்றுதான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? வகுப்பு தொடங்குவதற்கு ஒரு செமஸ்டர் முன்னாலேயே போங்கள். கையில் திட்டம் எதுவும் வேண்டாம். நீங்கள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், எது தடைபட்டு நிற்கிறது, மாணவர்கள் வந்தால் உபயோகமா தொந்தரவா என்று கேளுங்கள். தொந்தரவு என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அப்படி ஓர் இடத்தை விட்டுவிட்டு வருவதும் இந்தப் பணியில் நல்ல வேலைதான், அறிக்கையில் அதற்கு இடம் இல்லாவிட்டாலும்.

வேண்டும் என்று சொன்னால், ஒப்பந்தம் எழுதுங்கள். கனமான சட்ட மொழி வேண்டாம், இரண்டு பக்கம் போதும். மாணவர் வராத நாளில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் ஒரு பெயரும் எண்ணும் இருக்கட்டும். எடுக்கும் புகைப்படத்தை யார் வெளியிடலாம், யார் வேண்டாம் என்று சொல்லலாம்? திரட்டிய தகவல் யாருக்குச் சொந்தம், எந்தத் தேதிக்குள் எந்த வடிவில் அவர்கள் கைக்குத் திரும்பி வரும்? அவர்கள் ஊழியர் செலவிடும் நேரத்துக்கு நாம் என்ன தருகிறோம்? குழந்தைகளும் முதியோரும் இருக்கும் இடமானால், தனியறையில் மாணவர் ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதும் இருக்க வேண்டும். நிறுத்தச் சொன்னால் பல்கலைக்கழகம் கோபித்துக்கொள்ளுமோ என்று பயப்படுகிற அமைப்புகள் நிறைய. அந்தப் பயத்தை எழுத்தில்தான் போக்க முடியும்.

இனி வகுப்பறைக்கு வருவோம். களத்துக்குப் போய் வந்தாலே கற்றுவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அனுபவம் எல்லாமே கல்வி ஆகிவிடாது, சில அனுபவங்கள் தவறாகவும் கற்பிக்கும் என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938இலேயே எழுதிவிட்டார். ஏழ்மையைப் பார்க்கப் போகும் மாணவர், "இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் இப்படி" என்ற பழைய எண்ணத்தை இன்னும் கெட்டியாக்கிக்கொண்டு திரும்பி வரவும் முடியும். களத்தில் கண்டதை அசைபோடும் வகுப்பு இல்லாவிட்டால் அதுதான் நடக்கும்.

ஒரு மாணவர் குறிப்பேட்டில் வழக்கமாக வரும் வாக்கியம் இது: "குழந்தைகளின் சிரிப்பைப் பார்த்ததும் மனம் நிறைந்தது." அதை அடித்துவிடாதீர்கள், அது உண்மையான உணர்ச்சிதான். அதன் பக்கத்தில் கேள்விகளை எழுதுங்கள். எந்தக் குழந்தை, என்ன செய்துகொண்டிருந்தபோது சிரித்தது? நீ போகாத நாட்களில் அந்த மாலை நேரத்தில் அவர்களோடு இருப்பது யார்? அந்த மையத்தில் நிரந்தரமாக ஓர் ஆசிரியர் ஏன் இல்லை, அந்த முடிவை எடுத்தது யார்? நம் பாடத்தில் படித்த எது இதை விளக்குகிறது, எது விளக்கத் தவறுகிறது? கல்வியாளர்கள் சாரா ஆஷும் பட்டி கிளேட்டனும் உருவாக்கிய முறையில் இதற்கு மூன்று படி உண்டு: நடந்ததை விவரி, அதை ஆராய், கற்றதைச் சொல். மாணவர்கள் முதல் படியைத் தாண்டி நேராக மூன்றாவதுக்குத் தாவுவார்கள். பார்த்ததை அப்படியே விவரிக்க வைப்பதில்தான் ஆசிரியரின் உழைப்பு அதிகம்.

மதிப்பெண் விஷயத்தில் குழப்பம் வேண்டாம். கிரெடிட் கற்றதற்கு, மணி நேரத்துக்கு இல்லை. கையெழுத்துத் தாளைக் காட்டினால் முழு மதிப்பெண் என்றால் அது வருகைப்பதிவு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "நாம் போகிறோம், அவர்கள் இருக்கிறார்கள்" என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். நம் வகுப்பில் அந்தக் குடியிருப்பிலிருந்தே வந்த மாணவர் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். தன் வீட்டையும் தன் தெருவையும் சக மாணவர்கள் பரிதாபத்தோடு விவரிப்பதை அவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். சேவைவழிக் கற்றலின் பழைய மாதிரி, மாணவர்கள் எல்லோரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் என்ற ஊகத்தில் கட்டப்பட்டது. கல்வி ஆய்வாளர் டானியா மிட்செல் 2008இல் எழுதிய கட்டுரையில், மரபான சேவைவழிக் கற்றலிலிருந்து விமர்சன நோக்குள்ளதைப் பிரித்துக் காட்டினார். பின்னதன் அடையாளங்கள் மூன்று: சமூக மாற்றத்தை நோக்கி வேலை செய்வது, அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது, உண்மையான உறவுகளை வளர்ப்பது. பாடத்தை வகுக்கும்போது அந்த வகுப்பில் வாய் திறக்காத மாணவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவரையே பேச்சாளராக நிறுத்திவிடாதீர்கள். அது இன்னொரு சுமை. உறவினர் வீட்டைப் பற்றிப் பேசுவது போலப் பேசும் பழக்கத்தை வகுப்பு முழுவதற்கும் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, உங்கள் நிறுவனத்துக்குள் செய்ய வேண்டியது. இந்தப் பணி பலமுறை நின்றுபோவது ஓர் ஆசிரியர் மாறிப்போவதால்தான். அவருடைய தொலைபேசியில் இருந்த எண்களோடு உறவும் போய்விடுகிறது. சமூகத்தோடு இணைந்து பணியாற்றும் பல்கலைக்கழகங்களுக்கு அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளை தரும் சமூகப் பங்கேற்புத் தகுதிப்பாடு 2006இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகங்களிடம், இதற்கு நிலையான நிதி உண்டா, ஒருங்கிணைக்க அலுவலகம் உண்டா, ஆசிரியர் பதவி உயர்வில் இந்த உழைப்பு கணக்கில் வருகிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. விண்ணப்பிக்காவிட்டாலும் அந்தக் கேள்விகளை உங்கள் துணைவேந்தர் முன் வையுங்கள். பதவி உயர்வில் சேராத வேலையை இளம் ஆசிரியர்களிடம் கொடுத்துவிட்டு ஈடுபாடு இல்லை என்று குறை சொல்வது நியாயம் இல்லை.

நிதி வந்தால், முதல் செலவு கூட்டாளி அமைப்புகளுக்கு. வகுப்பில் வந்து பாடம் சொல்லும் ஊர்க்காரருக்கு, வெளியிலிருந்து வரும் பேராசிரியருக்குத் தரும் மதிப்பூதியத்தையே தாருங்கள். அடுத்த செமஸ்டர் பாடத்திட்டத்தை டீனுக்கு அனுப்புவதற்கு முன் அந்த ஊர்க்காரரிடம் ஒரு பிரதி கொடுத்து, எது வேண்டாம் என்று கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். அவர் கோடு போட்டதை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.