பாட்டுக்குள் இருந்த 'சொத்து'

(ஆங் மோ கியோ நூலகத்தில் வாசகர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். தேசிய சேவை முடித்த தம்பிகள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பயிற்சி முகாம் தீவான புலாவ் தேக்கோங்கில் ரூட் மார்ச் (நீண்ட தூர நடை) போகும்போது என்ன பாடினீர்கள்? நாட்டைப் பற்றியா? எங்கள் காலத்தில் குக்ஹவுஸ் சாப்பாடு, சனிக்கிழமை புக் அவுட் (முகாமை விட்டு வீட்டுக்குப் போவது), அவள் காத்திருப்பாளா மாட்டாளா, இவ்வளவுதான். சார்ஜண்டும் சேர்ந்து பாடுவார். அதனால் போர்ப்பாட்டு என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். மேடைக்கு எழுதுவது வேறு, பூட்ஸ் தேய நடப்பவன் பாடுவது வேறு.

அந்தச் சந்தேகத்தோடுதான் இன்று அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் பாட்டுகளைப் பார்க்கப் போகிறோம். 1861 முதல் 1865 வரை, அடிமை முறையை விடாத தென்மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த போர் அது. தென்மாநிலப் படைக்குப் பிடித்த பாட்டுகளில் ஒன்று 'தி போனி புளூ ஃபிளாக்'. 1861இல் ஹாரி மெக்கார்த்தி என்ற மேடைக் கலைஞர் எழுதியது. நேர்மையாக உழைத்துச் சேர்த்த சொத்துக்காகப் போரிடுகிறோம் என்று அதன் தொடக்கத்திலேயே வரும். எந்தச் சொத்து? 1860 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் அடிமைகள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். சட்டத்தின் கண்ணில் அவர்களும் சொத்துதான். வேறு பதிப்புகளில் பார்த்தால் 'சொத்து' எழுந்து போய், அந்த இடத்தில் 'சுதந்திரம்' உட்கார்ந்திருக்கிறது! என்னைக் கேட்டால், முதலில் வாயில் வந்த சொல்லைத்தான் நம்புவேன். ஓர் அடிமைகூட இல்லாத ஏழை விவசாயியும் இதைப் பாடினான். அவன் மனதில் சொந்தக் காணி நிலம்தான் வந்திருக்குமோ என்னவோ.

வடக்கே கதை வேறு. அடிமை முறையை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனை 1859இல் தூக்கிலிட்டார்கள். பாஸ்டன் துறைமுகக் கோட்டையில் அதே பெயரில் ஒரு சார்ஜண்ட். "ஜான் பிரவுன்தான் செத்துப் போயாச்சே, நீ யாரப்பா?" என்று கூட இருந்தவர்கள் செய்த கிண்டலே பாட்டாகி, படை முழுக்கப் பரவியது. அப்புறம் அந்த மெட்டை, வடக்குப் பக்கம் நின்ற அர்க்கன்சா மாநிலத்தின் முதல் கறுப்பினப் படைப்பிரிவும் எடுத்துக்கொண்டது. பருத்திக்குக் களை கொத்தியது போதும், சோளத்துக்குக் கொத்தியதும் போதும் என்று அதில் வருகிறது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டிக்கு இதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

எல்லாரும் கொள்கைக்காகப் போனார்களா? வடக்கின் அதிபர் லிங்கன் 1862இல் படைக்கு 3 லட்சம் பேர் வேண்டும் என்று கேட்டபோது, "இதோ வருகிறோம்" என்று ஓர் உற்சாகப் பாட்டு கிளம்பியது. மறு ஆண்டு கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. 300 டாலர் கட்டினால் போக வேண்டாம். உடனே அதே மெட்டில் நையாண்டி: கையில் பணமில்லை, அதனால்தான் வருகிறோம்.

கடைசியாக ஒன்று. 1862 டிசம்பர் 30, டென்னசியில் ஸ்டோன்ஸ் நதியோரம். இரு படைகளும் கூப்பிடு தூரத்தில். இரவில் இரண்டு பக்கத்து பேண்டுகளும் போட்டி போட்டு வாசித்தன. யாரோ வீட்டு ஏக்கப் பாட்டான 'ஹோம், ஸ்வீட் ஹோம்' எடுத்தார்கள். எதிர்ப்பக்கமும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகப் பாடினார்கள். பொழுது விடியும் நேரத்தில் தென்படை பாய்ந்தபோது, வடக்குப் படையினர் பலர் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள்.