மறியலில் இருக்கும் புத்தகங்கள்

(எங்கள் ஊர் நூலக மண்டபத்தில், தமிழ்ச் சங்கத்தின் இலக்கிய மாலையில் பேசியதை எழுத்தில் தருகிறேன். கைதட்டலை வெட்டிவிட்டேன். இருமலையும். மறியல் என்றால் எங்கள் பேச்சில் சிறை.)

மதிப்புக்குரிய சங்கத் தலைவர் அவர்களே, என்னை ஏழு தரம் தொலைபேசியில் அழைத்து இந்த மேடையில் ஏற்றிய செயலாளர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த நூலகப் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே, நகரசபையின் கலாசாரப் பகுதியிலிருந்து வந்திருக்கும் அலுவலர் அவர்களே, தமிழ்ப் பள்ளிக்கூடத்து அதிபர் மாஸ்டர் அவர்களே, முன் வரிசையில் குளிரங்கியைக் கழற்றாமலே இருக்கும் டொக்டர் அண்ணை அவர்களே, குசினியில் வடை சுட்டுக்கொண்டிருப்பதால் நான் பேசுவதைக் கேட்க முடியாத சகோதரிகளே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் அது நன்றியாகாது. வெளியே பனி இடுப்பளவு கிடக்கிறது. அதைத் தன் கையால் அள்ளி வழி விட்டவர் அவர்தான். பொன்னாடைக்குப் பதிலாக அவருக்கு ஒரு சவள் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அலுவலர் அவர்களுக்குத் தமிழ் விளங்காது. பக்கத்திலிருந்து காதுக்குள் மொழிபெயர்க்கும் தம்பி, என் பகிடிகளை நீ விட்டுவிடலாம். ஆனால் ‘கண்ணாடிப் பெட்டி’ என்று நான் சொல்லும் இடம் ஒன்றையும் விடாதே.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஒன்று, கலைஞர் நூல் என்றால் என்ன. இரண்டு, நோர்டிக் நாட்டுக்காரர் சேர்ந்து அதை எப்படிச் செய்து காட்சிக்கு வைக்கிறார்கள். மூன்று, பசை. பசையைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

ஐஸ்லாந்துக்காரரிடம் ஒரு பழமொழி உண்டு. புத்தகமில்லாமல் இருப்பதைவிடச் செருப்பில்லாமல் இருப்பது மேல். அந்த நாட்டுக் குளிரில் செருப்பில்லாமல் நிற்பதென்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். நல்லூர் வீதியில் வெறுங்காலோடு நடந்த எங்களுக்கு அதன் முழுக் கனமும் விளங்காது.

சரி, முதல் விஷயம். கலைஞர் நூல் என்றால் கலைஞரைப் பற்றிய நூல் அல்ல, படங்களின் தொகுப்பும் அல்ல. அந்தப் புத்தகமேதான் கலைப்பொருள். தாள், மடிப்பு, தையல், எழுத்து, அதைத் திறக்கும்போது வரும் சத்தம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. 1957-இல் டீட்டர் ரோத் என்ற கலைஞர் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் குடியேறினார். பக்கங்களில் ஓட்டை வெட்டினார், ஒரு தாளைத் திருப்பினால் அடுத்த தாளின் நிறம் அந்த ஓட்டைக்குள்ளால் தெரிந்தது. சில வருடம் போக, தனக்குப் பிடிக்காத புத்தகங்களை அரைத்து, கொழுப்பும் வாசனைச் சரக்கும் சேர்த்து, சொசேஜ் தோலுக்குள் அடைத்துச் சுவரில் தொங்கவிட்டார். உண்மையாகத்தான் சொல்கிறேன். எங்கள் புலம்பெயர் கவிதைத் தொகுப்புகளில் சிலவற்றுக்கும் இந்த மரியாதை செய்யலாம். பெயர் சொல்ல மாட்டேன், இரண்டு பேர் மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

டென்மார்க்கின் ஓவியர் அஸ்கர் யோர்ன் 1959-இல் பிரெஞ்சு நண்பர் கி டெபோரோடு சேர்ந்து ஒரு புத்தகம் செய்தார். அதற்கு உப்புத்தாளில் அட்டை போட்டார்கள். தச்சன் மரம் தேய்ப்பானே, அதே தாள்தான். அலுமாரியில் வைத்தால் இரண்டு பக்கத்துப் புத்தகத்தையும் கீறும், மேசையில் வைத்தால் மேசையைக் கீறும். எடுப்பவனின் கைக்கும் உறைக்க வேண்டும் என்று செய்தது. இன்று அதன் பிரதிகளை எங்கே பார்க்கலாம்? கண்ணாடிப் பெட்டிக்குள். தம்பி, சொன்னாயா?

இந்த நாடுகளில் புத்தகத்துக்கும் தோலுக்கும் பழைய உறவு. ஐஸ்லாந்தில் 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய ஃப்ளேட்டியார்போக் என்ற பெரிய ஏட்டுக்கு 113 கன்றுத் தோல் போனதாகக் கணக்கு. ஒரு புத்தகத்துக்கு ஒரு பட்டி மாடு. பிறகு வறுமை வந்தது. பழைய ஏடுகளை ஆட்கள் வெட்டிச் சட்டை தைக்க அளவுத் துண்டாக வைத்தார்கள். ஒரு ஏடு பிஷப்பின் தொப்பிக்குள் விறைப்புக்குப் போனது. சிலது செருப்புக்குள் போனது. செருப்பில்லாமல் இருந்தாலும் புத்தகம் வேண்டும் என்று சொன்ன சனம்தான், புத்தகத்தை வெட்டிச் செருப்புக்குள் வைத்தது. பழமொழி ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம். இந்தத் துண்டுகளை வீடு வீடாகத் தேடிச் சேர்த்தவர் ஆர்னி மாக்னுசன் என்ற ஐஸ்லாந்து அறிஞர். சேர்த்ததை டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனில் வைத்திருந்தார், 1728-இல் அந்த நகரம் தீப்பிடித்தது. தப்பியது பெரும்பகுதி, போனதும் போனதுதான். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1981-இல் எங்கள் யாழ் நூலகம் எரிந்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை, டொக்டர் அண்ணை இரண்டு வருடத்துக்கு முன் இதே மேடையில் ஒரு மணித்தியாலம் பேசிவிட்டார். ஃப்ளேட்டியார்போக்கை டென்மார்க் 1971-இல் கப்பலில் திருப்பிக் கொடுத்தபோது ரெய்க்யாவிக் துறைமுகத்தில் தேர்த் திருவிழா மாதிரிச் சனம்.

இரண்டாவது விஷயம். ஊர் கூடித் தேர் இழுப்பது. ஐஸ்லாந்தில் ஆர்கிர் என்று ஒரு நூற்கலைக் குழு இருக்கிறது. அந்தச் சொல்லுக்குத் தாள்கள் என்றுதான் பொருள், வேறு அலங்காரம் ஒன்றும் இல்லை. நோர்வேயில், பேர்கனில், கோடெக்ஸ் போலாரிஸ். 2019-இல் கலிபோர்னியாவில் நடந்த கோடெக்ஸ் புத்தகச் சந்தைக்கு நோர்டிக் கலைஞர்களின் நூல்கள் சேர்ந்து போயின. நான் இருப்பது இந்தப் பெரிய குழுக்களில் அல்ல. எங்களுடையது பதினொரு பேர் கொண்ட சின்னக் கூட்டம். நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, ஐந்து நாட்டிலும் ஆள் உண்டு. நேரில் சந்திப்பது குறைவு. ஒரு தலைப்பு வைப்போம், ஓர் அளவு வைப்போம், ஒரு திகதி வைப்போம். மற்றதெல்லாம் அவரவர் குசினி மேசையில். சில வருடம் ஆளுக்கு ஒரு புத்தகம். சில வருடம் ஆளுக்குப் பதினொரு பிரதி, எல்லாருடையதையும் சேர்த்துப் பெட்டி கட்டி ஆளுக்கொரு பெட்டி. பதினொரு பிரதியில் ஏழாவதைத் தைக்கும்போதுதான் இந்தக் கலையின் மீதான காதல் எவ்வளவு என்று தெரியும்.

அளவு ஏன் என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு பயணப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் வெட்டினால் அட்டை வளைந்துவிடும். பனிக்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையின் வறண்ட காற்றில் அது அப்பளம் மாதிரி நெளியும். இதை நான் பட்டுத்தான் படித்தேன்.

ஒரு வருடம் தலைப்பு ‘கரை’. நான் 1989-இல் நோர்வேயின் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவள். இங்கே இருக்கும் பாதிப் பேரும் அப்படித்தானே. மீனை வெட்டி, தோலை உரித்து எறிந்த கை. அந்தத் தோலிலேயே அட்டை போடுவோம் என்று முடிவெடுத்தேன். ஐஸ்லாந்தின் மேற்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஓநாய்மீன் தோலில் செருப்புத் தைத்துப் போட்டார்கள். கெதியில் தேய்ந்துவிடும். அதனால் மலைப்பாதையின் தூரத்தையே, கடப்பதற்குள் எத்தனை சோடி தேயும் என்று எண்ணிச் சொன்னார்களாம்.

நான் எடுத்தது கொட் மீன் தோல். கரண்டி விளிம்பால் சதையைச் சுரண்ட வேண்டும், செதிலை எடுக்க வேண்டும், பாத்திரம் கழுவும் சோப்பில் அலச வேண்டும். பிறகு தேத்தண்ணி. ஆம், எங்கள் சிலோன் தேயிலை. கடுஞ்சாயமாக ஊற்றி, நன்றாக ஆறவிட்டு, தோலை அதில் போட வேண்டும். சூட்டோடு போட்டால் தோல் சுருண்டு கூழாகிவிடும், மீன் பசையே அப்படித்தான் வருகிறது. அது மூன்றாவது விஷயம், பிறகு வருகிறேன். இரண்டு நாளுக்கொரு தரம் சாயத்தைக் கூட்டிக் கூட்டி, இரண்டு கிழமை. கடைசியில் முட்டை மஞ்சட்கருவும் எண்ணெயும் பூசி, காயக் காயக் கையால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் விறகாகிவிடும். செதில் இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பையாக, பின்னல் துணி மாதிரி நிற்கும். விரலால் ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், மறுபக்கம் தடவினால் பிடிக்கும்.

புத்தகம் முடிந்தது. காட்சி ரெய்க்யாவிக்கில். தபாலுக்குக் கொண்டுபோனேன். சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். நானும் உண்மை பேசுகிறவள், எழுதிவிட்டேன்: ‘புத்தகம். மீன்தோல், தேயிலை, நூல்.’ யன்னலில் இருந்த பெடியன் அதை வாசித்தான். திரும்பவும் வாசித்தான்.

“இது மீனா?”

“இல்லை, புத்தகம்.”

“அப்ப தேயிலை?”

“தேயிலையும் இல்லை. புத்தகம்.”

“என்ன புத்தகம்? சமையலா?”

எனக்கு அந்த நேரம் ஓம் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். சொல்லவில்லை. எத்தனை பிரதி என்றான். ஒன்று என்றேன். விலை? விற்பனைக்கு இல்லை என்றேன். விலையில்லாத பொருளைக் கணினி ஏற்காது என்றான். சரி, நூறு குரோனர் போடு என்றேன். பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். அவன் மேலாளரைக் கூப்பிட்டான். அவர் வந்து கண்ணாடியைப் போட்டு, பொட்டலத்தைப் பிரித்து, புத்தகத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார். ஒரு தரமல்ல, மூன்று தரம். பிறகு மெதுவாகத் திறந்தார். மூடினார். அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினார். “என்னுடைய தாத்தாவின் கொட்டில் இப்படித்தான் மணக்கும்” என்றார். அவரும் வடக்குக்காரர். வரிசையில் நின்ற ஒரு மனுசி நானும் பார்க்கலாமா என்றாள். அவளிடமிருந்து அடுத்த ஆளுக்குப் போனது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சிறந்த காட்சி அந்தத் தபால் வரிசைதான். கண்ணாடி இல்லை, ஒளிவிளக்கு இல்லை. பதினைந்து பேரில் ஒன்பது பேர் தொட்டார்கள், நான் எண்ணினேன்.

பொட்டலம் அப்படியும் எங்கேயோ மாட்டுப்பட்டு, திறப்பு விழாவுக்கு முதல் நாள்தான் போய்ச் சேர்ந்தது. அது வேறு கதை.

பிறகு அதே காட்சி எங்கள் நாட்டு நகரம் ஒன்றுக்கு வந்தது. இடத்தின் பெயர் வேண்டாம். அம்மாவைக் கூட்டிப்போனேன், அவவுக்கு அப்போது எண்பத்தொரு வயது. என் புத்தகம் கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டு வேறு. ஒரே ஒரு பக்கம் திறந்தபடி. மற்றப் பதினாறு பக்கமும் இருட்டுக்குள். அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தா. கண்ணாடியில் விரலை வைத்தா. காவலாளி ஓடிவந்தார். அம்மா என்னைப் பார்த்துக் கேட்டா: “பிள்ளை, உன்ர புத்தகத்தை ஏன் மறியலில வச்சிருக்கினம்?”

எனக்கு மறுமொழி வரவில்லை. செய்தவள் நான், தேத்தண்ணி ஊற்றியவள் நான், என் அம்மாவுக்கு அதைத் தடவிப் பார்க்கக் குடுக்க முடியவில்லை. செருப்பில்லாமல் இருந்தாலும் புத்தகம் வேண்டும் என்கிறார்களே, கண்ணாடிக்கு வெளியே நிற்பவரிடம் இருப்பது புத்தகமா?

நூலகப் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே, உங்கள் உபசரிப்புக்கு மறுபடியும் நன்றி சொல்லி, இதை நேராகவே கேட்கிறேன். வரும் இலையுதிர்காலத்தில் எங்கள் பதினொரு பேரின் காட்சியை இந்த மண்டபத்துக்குத் தருகிறோம். கண்ணாடிப் பெட்டி வேண்டாம். ஒரு மேசை, ஆறு கதிரை, ஒரு நல்ல விளக்கு போதும். அழுக்காகும் என்பீர்கள். கையுறை போடலாமே என்பீர்கள். பருத்திக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறையும், தாளின் விளிம்பில் மாட்டிக் கிழியும். பழைய தாளைக் கையாளும் பெரிய நூலகங்களே பெரும்பாலும் கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது என்கின்றன. படங்களும் உலோகமும் வேறு விஷயம். களவு போகும் என்பீர்கள். ஒரு பிரதியைப் பூட்டி வையுங்கள், ஒரு பிரதியை மேசையில் விடுங்கள். ஒரு பிரதிதான் உண்டென்றால் பக்கத்தில் ஓர் ஆளை இருத்துங்கள். எங்கள் சங்கத்தில் ஓய்வூதியக்காரருக்குக் குறைவில்லை, டொக்டர் அண்ணையே இருப்பார். அண்ணை தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். தேயும் என்பீர்கள். தேயட்டும். மீன்தோல் செருப்பும் தேய்ந்துதான் ஆட்கள் மலையைக் கடந்தார்கள்.

அலுவலர் அவர்களே, உங்களிடம் பணம் கேட்கவில்லை. மேசையின் கால் ஒன்று ஆடுகிறது, அதைத் திருத்தித் தந்தால் போதும்.

செயலாளர் கையைக் காட்டுகிறார். நேரம் முடிந்தது. பசையைப் பற்றிப் பேசவில்லை. கோதுமை மாப் பசையா, மீன் பசையா, கடையில் வாங்கும் வெள்ளைப் பசையா என்பதில் எனக்கும் என் சுவீடன் சிநேகிதிக்கும் ஆறு வருடமாகச் சண்டை. அடுத்த வருடம் கூப்பிட்டால் அதற்காகவே வருகிறேன்.

மேடைக்குப் பக்கத்து மேசையில் ஒன்பது புத்தகம் வைத்திருக்கிறேன். மீன்தோல் புத்தகமும் இருக்கிறது. கை கழுவும் இடம் இடப்பக்கக் கதவுக்குப் பின்னால். துடைத்துவிட்டு வாருங்கள். வடை ஆயத்தமாகிவிட்டது என்று மணத்திலேயே தெரிகிறது, ஆனால் முதலில் புத்தகம், பிறகு வடை. மாஸ்டர், உங்களுக்கும்தான் சொல்கிறேன்.