ஒரே குழந்தை, இரண்டு பார்வைகள்

அவையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

பெற்றோர்–ஆசிரியர் ஒத்துழைப்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவை சில சடங்குகள்தாம். குறித்த நாளில் கூட்டத்துக்கு வருவது, தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிடுவது, ஆண்டு விழாவில் முன்வரிசையில் அமர்ந்து படம் எடுப்பது. இவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவை அனைத்தும் ஒழுங்காக நடக்கும் பள்ளியிலும் ஒரு குழந்தையைப் பற்றி வீட்டுக்குத் தெரிந்தது வகுப்பறைக்குத் தெரியாமலும், வகுப்பறைக்குத் தெரிந்தது வீட்டுக்குத் தெரியாமலும் ஆண்டு முழுவதும் கழிந்துவிடக்கூடும். மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளைப் பொறுத்தவரை, இரு தரப்பாரும் தாம் கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதே முதல் வேலை என்று நான் கருதுகிறேன். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இந்த வயதை மட்டும் தனித்துச் சொல்கிறேன் என்றால், பத்து வயதுப் பிள்ளை தன்னைப் பற்றித் தானே ஓரளவு சொல்லிவிடும். நான்கு வயதுக் குழந்தையால் அது முடியாது. ‘இன்று பள்ளியில் என்ன செய்தாய்?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்ற பதில்தான் வரும்; ஆறு மணி நேரமும் ஓடியாடிவிட்டு வந்த குழந்தையும் அதையேதான் சொல்லும்.

ஒரு காட்சியைப் பாருங்கள். ‘என் மகள் நூறு வரை எண்ணுகிறாள்’ என்கிறார் தாய். ‘அவளுக்கு ஐந்து என்பதே இன்னும் பிடிபடவில்லை’ என்கிறார் ஆசிரியை. தாய்க்கு முகம் வாடிவிடுகிறது; மிகைப்படுத்திச் சொல்கிறார் என்று ஆசிரியைக்கும் ஐயம். உண்மையில் இருவரும் சொல்வது சரி. ஆசிரியை ஒரு தட்டு நிறையப் பொத்தான்களை வைத்து, ‘எனக்கு ஐந்து கொடு’ என்று கேட்டிருக்கிறார். குழந்தை கைக்கு அகப்பட்டதை அள்ளிக் கொடுத்திருக்கிறது. ஐந்து பொத்தான்களை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னால், விரலால் தொட்டுத் தொட்டு ஐந்து வரை பிழையில்லாமல் எண்ணுகிறது; ‘ஆக, மொத்தம் எத்தனை?’ என்றதும் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. எண்களின் வரிசையை ஒப்பிப்பது ஒரு திறன். எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொல்லும் எண்தான் மொத்தத் தொகை என்று விளங்கிக்கொள்வது வேறொரு திறன். இரண்டாவது பெரும்பாலும் நான்கு வயதையொட்டித்தான் கைகூடுகிறது. இதை ஆசிரியை விளக்கிச் சொல்லிவிட்டால், நூற்றுக்கு மேல் ஒப்பிக்கப் பழக்குவதை விட்டுவிட்டு, ‘சாப்பிட நான்கு தட்டு எடுத்து வா’ என்று அந்தத் தாய் தினமும் கேட்கத் தொடங்குவார். சொல்லாவிட்டால், மகளைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்ற மனக்குறையோடு வீடு திரும்புவார்.

இதைவிடக் கவனம் வேண்டிய இன்னொரு நிலை உண்டு. வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை பள்ளியில் வாயே திறப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த முதல் மாதத்தில் இது இயல்பு. அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் நீடித்தால், அதைப் பிடிவாதம் என்றோ மொழிக் குறைபாடு என்றோ உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. பதற்றத்தால் வரும் பேசாமையாக இருக்கலாம், அதற்குத் தேர்ந்தவர்களின் உதவி தேவை. இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், வீட்டார் மட்டும் பார்த்தால் குறையே தெரியாது. பள்ளி மட்டும் பார்த்தால் குழந்தைக்குப் பேச்சே வரவில்லை என்று தோன்றும். இரண்டு தகவலும் ஒரு மேசையில் சேரும்போதுதான் விஷயம் புலப்படும். அதுவரை ‘பேசு, பேசு’ என்று வகுப்பில் எழுப்பி நிறுத்துவது நிலைமையை மோசமாக்கவே செய்யும்.

வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக வேண்டிய செய்திகளும் பெரும்பாலும் சின்னஞ்சிறியவையே. தம்பி பிறந்திருக்கிறான், இரவு சரியாகத் தூங்கவில்லை, இரண்டு வாரமாகச் சளி. சளியை ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றலாம். சளியோடு நடுக்காதில் நீர் கட்டினால் சில வாரங்களுக்குக் காது மந்தமாகிவிடும். ‘கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, கவனக்குறைவு’ என்று வகுப்பறையில் எழுதப்படும் குறிப்புகளுள் சில இப்படித்தான் பிறக்கின்றன.

இந்தச் சிந்தனை புதிதன்று. 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லம், பிள்ளைகள் குடியிருந்த அடுக்குக் குடியிருப்பிலேயே இருந்தது. தாய்மார்கள் வாரம் ஒரு முறையாவது அங்குள்ள பொறுப்பாசிரியையைச் சந்தித்து, குழந்தை வீட்டில் எப்படி இருக்கிறது என்று சொல்லி, அவருடைய அறிவுரையும் பெறலாம் என்பது அதன் விதிகளில் ஒன்று. சொல்வது தாய், கேட்பது ஆசிரியை என்று தொடங்கும் அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளித் திட்டத்தையும் சொல்ல வேண்டும். அதில் படித்த குழந்தைகளையும் படிக்காத குழந்தைகளையும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்து, படித்தவர்கள் கல்வியிலும் வருவாயிலும் மேலான நிலையில் இருப்பதைக் கண்டார்கள். அதை மேற்கோள் காட்டுபவர்கள் காலை வகுப்புகளைப் பற்றியே பேசுகிறார்கள். அதே ஆசிரியர்கள் வாரந்தோறும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், தாயோடும் குழந்தையோடும் ஒன்றரை மணி நேரம் செலவிட்டார்கள் என்பதை எப்படியோ விட்டுவிடுகிறார்கள். பயனில் எவ்வளவு வகுப்பறையால், எவ்வளவு வீட்டுச் சந்திப்பால் என்று அந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. அப்படியிருக்க, ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது முறையாகாது.

இனி, பெற்றோருக்குச் சிலவற்றை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். வீட்டுப்பாடத்தில் குழந்தை செய்யும் பிழையை அழித்துத் திருத்தி, அழகாக எழுதவைத்து அனுப்பாதீர்கள். அந்தப் பிழைதான் ஆசிரியருக்கு வேண்டிய தகவல். எங்கே இடறுகிறது என்பதை அது காட்டுகிறது. குறையற்ற ஏடு உங்கள் கையெழுத்துத் திறமையை மட்டுமே காட்டும். அதுபோல, ஐந்து வயதுக் குழந்தைக்கு வகுப்பில் எத்தனையாவது இடம் என்று கேட்காதீர்கள். கேட்டால், சில பள்ளிகள் சொல்லியும் விடுகின்றன. அது இன்னும் மோசம்.

ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியது இதைவிட அதிகம். ஏனெனில் முதல் அடியை எடுத்துவைக்க வேண்டியவர்கள் நீங்களே. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே ஏதோ புகார்தான் என்று பெற்றோர் அஞ்சும்படி நடந்துகொண்டால், அவர்கள் மறைக்கவே கற்றுக்கொள்வார்கள். தாமே பள்ளியில் தோற்றுப்போன நினைவோடு, சிறு பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் இடிக்க அமர்ந்திருக்கும் ஒரு தகப்பனுக்கு, ‘உங்கள் பையன் எழுதவே மாட்டேன் என்கிறான்’ என்பது தொடக்க வாக்கியமாக இருக்கக் கூடாது. ‘வீட்டில் எதை விரும்பிச் செய்கிறான்?’ என்று கேளுங்கள். பிறகு, பள்ளியில் பயன்படும் மொழியையே வீட்டிலும் பேசுங்கள் என்ற அறிவுரையைத் தயவுசெய்து கைவிடுங்கள். தாய்மொழியே கல்விக்கு ஏற்ற மொழி என்று யுனெஸ்கோ 1953-இலேயே வலியுறுத்தியிருக்கிறது. தமக்குச் சரளமாக வராத மொழியில் பேச முயலும் பெற்றோர், குழந்தையிடம் பேசுவதையே குறைத்துவிடுகிறார்கள். கதையும் கேலியும் கொஞ்சலும் போய், ‘வா, உட்கார், சாப்பிடு’ மட்டும் மிஞ்சுகிறது.

கருத்து வேறுபாடு வராமல் இருக்காது. ‘யாராவது அடித்தால் திருப்பி அடி’ என்று வீட்டில் சொல்கிறார்கள். ‘என்னிடம் வந்து சொல்’ என்கிறார் ஆசிரியர். இரண்டில் எதைக் கேட்டாலும் ஓரிடத்தில் திட்டு விழும் என்ற நிலையில் அகப்படுவது குழந்தை. இதைப் பெரியவர்கள் தங்களுக்குள், குழந்தையின் காதில் விழாத இடத்தில் பேசித் தீர்க்க வேண்டும். திருப்பி அடிக்கச் சொல்லும் பெற்றோரின் அச்சத்துக்கு, முன்பு புகார் சொல்லியும் யாரும் கவனிக்கவில்லை என்பதுகூடக் காரணமாக இருக்கலாம்; அதைக் கேட்டறியாமல் விதியை மட்டும் படித்துக்காட்டினால் அவர் தலையாட்டிவிட்டு வீட்டில் பழையபடியே சொல்வார்.

கடைசியாக ஒன்று. ஆசிரியர் ஆண்டுதோறும் மாறுகிறார்; குழந்தையைத் தொடர்ந்து பார்த்துவருபவர் பெற்றோர் மட்டுமே. ஆகவே புதிய வகுப்பின் முதல் வாரத்திலேயே, எதைக் கண்டு பயப்படுவான், அழுதால் எப்படி அமைதியாவான், வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள் என்று ஒரு தாளில் கேட்டு வாங்குங்கள். எழுதத் தெரியாத பெற்றோரிடம் வாய்மொழியாகக் கேட்டு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் அதில் உங்கள் குறிப்பையும் சேர்த்து, பெற்றோரின் ஒப்புதலோடு அடுத்த ஆசிரியரின் கையில் நேரில் கொடுங்கள். அலுவலகக் கோப்பில் போட்டுவிட்டால் அதை யாரும் எடுத்துப் படிக்கப் போவதில்லை.