கன்னியாத் தண்ணீரும் கோப்பன்ஹேகன் உலையும்

எங்கள் திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒரு வாளியாவது அள்ளித் தலையில் ஊற்றாதவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கமாட்டீர்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டு ஊர் முழுக்க வீடு வீடாக ஓடவிட்டால் எப்படியிருக்கும்? டென்மார்க்கிலும் சுவீடனிலும் குளிருக்கு அதைத்தான் செய்கிறார்கள். என்ன, அங்கே நிலம் சும்மா சூடாக்கித் தராது, விறகோ குப்பையோ எரிக்கவேண்டும்.

"அவங்கள் எரிக்கிறாங்கள், நாங்களும் எரித்தால் என்ன?" என்று தேநீர்க்கடையில் ஒருவர் கேட்டார். அவருக்காகத்தான் இந்தப் பேச்சு.

கோப்பன்ஹேகனில் அமகர் பக்கே என்றொரு குப்பை எரி உலை 2017இல் திறந்தார்கள், கூரையில் பனிச்சறுக்கு விளையாட்டு வேறு. படத்தைப் பார்த்தால் எனக்கும் ஆசைதான். ஆனால் குப்பையை எரித்து மின்சாரம் மட்டும் எடுத்தால் சூட்டில் கால்வாசி தேறினாலே பெரிது, மிச்சம் காற்றோடு போய்விடும். அவர்களுக்கு அந்த மிச்சம்தான் வீட்டை வெப்பமாக்குகிறது. சித்திரை வெயிலில் திருகோணமலையில் யாருக்கு வேண்டும் அது?

அங்கேயும் எல்லாம் சுத்தமில்லை. பிளாஸ்டிக்கை எரிப்பது எண்ணெயை எரிப்பதுதான். 2025க்குள் வெளிவிடுகிற கார்பனையும் திரும்ப உறிஞ்சப்படுகிற கார்பனையும் சமன் செய்வோம் என்றிருந்த நகரம், அந்த உலைப் புகையில் கார்பனைப் பிடிக்கிற திட்டத்துக்குக் காசு கிடைக்காமல் 2022இல் இலக்கைக் கைவிட்டது. உலை பெரிது, ஊர்க் குப்பை போதவில்லை, வெளிநாட்டிலிருந்தும் இறக்கினார்கள். பசிக்கிற உலையை வைத்துக்கொண்டு குப்பையைக் குறை என்று சனத்திடம் எப்படிச் சொல்வது?

விறகும் அப்படித்தான். ஐரோப்பாவின் கார்பன் கணக்கில் விறகுப் புகைக்குப் பூச்சியம் போடுகிறார்கள், உண்மையில் அதே சூட்டுக்கு நிலக்கரியைவிடக் கூடுதலாகக் கரியமிலவாயு வரும். மரம் திரும்ப வளர்ந்து அதை உறிஞ்சும், சரி, எத்தனை வருடத்தில்?

உமி வேறு கதை. நெல் அவிக்கிற ஆலையில் உமி எப்படியும் குவிகிறது, பொயிலரில் போட்டால் நீராவி அங்கேயே வேலை செய்கிறது. எனக்கு அது பிடிக்கும். ஆனால் உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், புகைபோக்கியில் வடிகட்டி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வெள்ளை வேட்டியெல்லாம் கறுப்புப் பொட்டுத்தான்.

இனி எங்கள் குப்பை. போன கிழமை வீட்டு வாளியை முற்றத்தில் கவிழ்த்துப் பார்த்தேன், மனுசி ஏசினாள், அது கிடக்கட்டும். தேங்காய்ச் சக்கை, தேயிலைச் சக்கை, மீன் செதிள், வாழைப்பழத் தோல், அடியில் அரைச் சிரட்டை தண்ணீர். இதை எரிப்பதென்றால் உலைச் சூட்டில் பெரிய பங்கு அந்த ஈரத்தைக் காயவைக்கவே போய்விடும். எரியக்கூடியதாக இருந்தது மூன்று பொலித்தீன் பையும் ஒரு பற்பசைக் குழாயும். மற்றதெல்லாம் முருங்கையடியில் குழிதோண்டிப் புதைத்தேன்.